வேலிக்கு மேலே கழுத்தை நீட்டியது வெர்டி அல்ல

மதிப்புக்குரிய பாட்டுப் பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கென்டக்கி மலைப்பக்கம் அணில் ஓடைக்கரையிலிருந்து ஓலா ஸ்டிடம் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன், மனதிலிருந்து வரவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும். யார் எனக்கு எப்போது என்ன செய்தார்கள் என்பதில் பிழை இருக்காது.

உங்கள் பத்திரிகையில் பாடகி ரெட்டாவைப் பற்றி எழுதினீர்களே, அவள் என் பேத்தி, நான் வளர்த்தவள். பாட்டில் வருவது யார் என்று நீங்கள் கேட்டதற்கு, பாட்டைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னாளாம். அத்தோடு விட்டிருக்கலாம். பழுப்புக் கண் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சாயங்காலமானால் வேலிக்கு மேலே கழுத்தை நீட்டிக் காத்திருந்தாய், உன் மூச்சு என் தோளில் சுட்டது என்று வருகிறதே, அது ஊருக்கு மறைத்து ஒரு பெண்மேல் வைத்த காதல், அந்தப் பெண் அந்த ஊரில்தான் இருக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டீர்கள். ஐயா, அது எங்கள் கோவேறு கழுதை. பெயர் சால். போன பனிக்காலத்தில் செத்துப்போனது. வேலிக்கு மேலே கழுத்தை நீட்டுகிற பெண்ணை நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

இதைப் படித்துவிட்டு எங்கள் சபை மூப்பர் மனைவி வெர்டி அது தான்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். ரெட்டா சின்ன வயதில் அவளோடு பாடகர் குழுவில் நின்றவளாம். சபைப் பெண்களுக்கெல்லாம் போன் போட்டு, எனக்காக ஜெபம் பண்ணுங்க, இந்த முகத்தை நானா கேட்டு வாங்கினேன் என்று அழுதிருக்கிறாள். அப்புறம் எனக்குப் போன்.

"ஓலா, உன் பேத்திய நான் மன்னிச்சுட்டேன்."

"எதுக்குடி?"

"என்னை நெனச்சதுக்கு."

"உன் கண்ணு பாத்திரம் கழுவுன தண்ணி நிறம். பழுப்பு எங்க இருக்கு?"

"சாயங்கால வெளிச்சத்துல பழுப்பு. எங்க வீட்டுக்காரரு ஹோபர்ட்டே சொல்லியிருக்காரு."

இவள்தான் அந்தக் காலத்தில் சபை விருந்தில் என் ஆப்பிள் அடுக்கு கேக்கைத் தான் செய்ததாகச் சொல்லிப் பாதிரியாரிடம் பாராட்டு வாங்கியவள். இப்போது என் கழுதையின் பாட்டையும் எடுத்துக்கொண்டாள். அது கழுதையடி என்று நாக்கு நுனி வரை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கழுதை என்று தெரிந்தால் அடுத்து ஊர் என்ன கேட்கும், அப்போ நிஜக் காதல் பாட்டு எது என்று கேட்கும். அது உங்கள் கையிலேயே இருக்கிறது. உன் கைக் கறுப்பு என் முதுகில் பதிந்திருக்கிறது, கழுவ மனமில்லை என்ற பாட்டு. அதை நீங்கள் நிலக்கரி மலைகளுக்கு ஒரு மகள் பாடிய கண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, மலை யார் முதுகிலும் கை வைக்காது. அது டயர்க் கறுப்பு. எங்கள் ஊரில் டயர் கடை ஒன்றுதான். அதை வைத்திருக்கிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டில் சாப்பிடுகிறது, என் பக்கத்தில்தான் சபையில் உட்காருகிறது. இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

இந்த ஊரில் முடிவெட்டுகிற லூதர் என்று ஒருத்தர் இருந்தார். அவரையும் கூடவே இருந்த சிநேகிதரையும் பற்றி ஒரு பேச்சு கிளம்பிச்சு. யாரும் கல்லெறியல, கெட்ட வார்த்தை பேசல. முடியை மட்டும் வேற ஊர்ல போய் வெட்டிக்கிட்டாங்க. என் வீட்டுக்காரர் உட்பட. அதுக்காக அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அவரோட பேசல. லூதர் காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு நாள் கத்திரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரெட்டா எங்கேயும் பாடிப் பிழைப்பாள். டயர் கடையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்து கூடுகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்குப் போட்டோக்காரரை அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று ரெட்டா பாடுகிறாள். பாடும்போது அவள் எந்தப் பெஞ்சைப் பார்க்கிறாள் என்று கண்ணுள்ள எவனுக்கும் தெரியும். வாசலில் கார் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன். ஆகையால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கழுதையைப் பற்றிப் போடாதீர்கள். மலையை மலையாகவே விட்டுவிடுங்கள். போட்டோக்காரர் வேண்டாம். வெர்டி அவள் பாட்டுக்குப் புது உடுப்பு தைத்துக்கொண்டு திரியட்டும், நான் பொறுத்துக்கொள்கிறேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆண்டவர் உங்களையும் உங்கள் அச்சு மிஷினையும் நல்ல வழியில் நடத்தட்டும்.

இப்படிக்கு,
ஓலா ஸ்டிடம்

பி.கு. தபாலில் போடுவதற்காக இதை, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த டெல்சியிடம் கொடுத்தேன். பிழை இருக்கா பார்க்கிறேன் பாட்டி என்று பிரித்து, பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டாள். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"பத்திரிகைக்காரன் மலைன்னு எழுதுனான், போகட்டும், அவனுக்குத் தெரியாது. நீங்களும் மலைன்னு விடச் சொல்றீங்களே பாட்டி. உங்களுக்குத் தெரியுமே."

"உன் கடைக்கு எவனும் வரமாட்டான்டி."

"வராம இருந்தா இருக்கட்டும். பேரை எழுதுங்க."

ஆகவே ஐயா, மேலே கேட்டதையெல்லாம் விட்டுவிடுங்கள். கைக் கறுப்புப் பாட்டில் வருவது டெல்சி நோபிள், ஓடைச் சாலை டயர் கடை. பேரைத் தப்பில்லாமல் போடுங்கள். கழுதையையும் போடுங்கள், வெர்டி கண்ணில் படுகிற மாதிரி பெரிய எழுத்தில். போட்டோக்காரர் வரட்டும். வருகிற வண்டியில் டயர் தேய்ந்திருந்தால் வழியில் எங்கும் மாற்றவேண்டாம் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை இவள் கடையில் யாராவது ஒருத்தராவது நிற்கவேண்டும்.