வில்லி வீட்டுச் சம்பந்தம்

வாணியம்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்த பெண்ணின் அப்பா, காபியை வாங்கி மோந்து பார்த்தார். குடிக்காமலே பக்கத்து ஸ்டூலில் வைத்தார். அதைப் பார்த்து அவர் மனைவியும் வைத்துவிட்டாள். கூட வந்திருந்த சித்தப்பா மட்டும் அவசரப்பட்டு ஒரு வாய் குடித்திருந்தார். அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"சர்க்கரை கம்மியா இருக்குங்களா?" என்று கேட்டாள் பொன்மலர்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எங்களுக்கு பஸ்ஸுக்கு டயமாய்டுச்சி."

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து, தரகர் தேவானந்தம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, போன வாரம் நாடகத்துல மருமவளுக்கு காபில இன்னா கலந்தீங்க?"

"எலி மருந்து. ஏன்?"

"ஏனா? நீங்க ஸ்பூன் வெச்சி கலக்கின கலக்குல எனக்கே அன்னைலேர்ந்து காபி எறங்கல. அவங்களுக்கு எப்டி எறங்கும்?"

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் பொன்மலர். புருஷன் இறந்தபோது மகன் ஜெயகரன் கைக்குழந்தை. அவனை வளர்த்ததும் நடிப்பை வளர்த்ததும் ஒரே பிடிவாதத்தில்தான். சர்ச்சில் ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தன்று ஏரோது ராஜாவாக நடிக்க வேண்டியவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட, இவள் தாடியை ஒட்டிக்கொண்டு மேடை ஏறினாள். முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் அலறி அழுதன. அன்றே தன் தொழில் எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மெட்ராஸில் டிவி ஸ்டேஷன் வந்ததும் லீவு போட்டுவிட்டு விடிகாலை ரயில் ஏறிப் போய் நின்றாள். தட்டு ஏந்திய நர்ஸ், சர்க்கரை கடன் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரி, ஒரு முறை போர்வைக்குள் பிணம். எதற்கும் சலிக்கவில்லை. கடைசியில், எண்பத்தேழில், வாரத் தொடர் ஒன்றில் மாமியார் நாகரத்தினம் வேஷம் கிடைத்தது. நாலே வாரத்தில் ஊரே அவளை வெறுத்தது. மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறவள் தராசைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு பாவம் உன்ன சும்மா வுடாது," என்றாள். பொன்மலர் கத்திரிக்காய் இல்லாமலே சந்தோஷமாக வீடு திரும்பினாள்.

தோல் பதனிடும் ஷெட்டில் கெமிஸ்டாக இருந்த ஜெயகரனுக்குப் பெண் தேட ஆரம்பித்தபோதுதான் அந்தப் புகழ் திரும்பி வந்து கடித்தது. வாணியம்பாடி, மூன்றாவதாகக் கைவிட்டுப் போன இடம்.

"பேசாம நாடகத்த வுட்டுடும்மா," என்றான் ஜெயகரன்.

"நடிப்பையும் வுட மாட்டேன். உனக்குக் கல்யாணம் பண்ணாமயும் வுட மாட்டேன். பேசாம சாப்புடு."

மறுநாளே மெட்ராஸ் போய் டைரக்டர் பஞ்சாட்சரத்தைப் பிடித்தாள்.

"சார், நாகரத்தினம் திருந்தணும்."

"ஏம்மா, ஜனங்க திட்டித் திட்டி லெட்டர் போடுறாங்க. இப்பப் போய் திருந்தினா எப்படி?"

"ஒரே ஒரு சீன் சார். மருமவ கால்ல வுழுந்து அழுவறேன்."

அவர் யோசித்தார். ஒப்புக்கொண்டார். பொன்மலர் கிளிசரின் இல்லாமல் நிஜமாகவே அழுதாள். காமிராக்காரரே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஒளிபரப்பான மறுநாள், கம்பெனி மேனேஜர் லியாகத் அலி அவள் டெலிபோன் போர்டுக்கு வந்து நின்றார்.

"அரே, இன்னா நடிப்பும்மா. கால்ல வுழற மாதிரி வுழுந்து மருமவ கொலுசக் கழட்டப் போறீங்கன்னு எங்க வீட்ல எல்லாரும் மொதல்லயே சொல்லிட்டாங்க."

"இல்ல சார், அது நெஜமா திருந்தற சீன்."

"எங்ககிட்டயேவா?" என்று விரலை ஆட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

ஊர் மொத்தமும் அப்படித்தான் நினைத்தது. கொலுசு யோசனை பஞ்சாட்சரத்தின் காதுக்கும் எட்டியது. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய், அடுத்த வாரமே நாகரத்தினம் கொலுசைக் கழற்றினாள். தொடரும் இன்னும் பதிமூன்று வாரம் நீண்டது.

பொன்மலர் அசரவில்லை. பாஸ்டரிடம் போனாள். ஞாயிறு ஆராதனை முடிவில் அவர் அறிவித்தார்: "சகோதரி பொன்மலரை டிவியில் வரும் பொல்லாத மாமியார் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் சாந்த குணமுள்ளவர்."

சபையில் பாதிப்பேர் வீட்டில் டிவி இல்லை. அவள் நடிக்கிற விஷயமே அவர்களுக்கு அதுவரை தெரியாது. அந்த வாரம் அவர்களெல்லாம் அக்கம்பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு பொன்மலரின் பெஞ்சில் அவளைத் தவிர யாரும் உட்காரவில்லை.

"அக்கா, ஒரு எடம் இருக்கு," என்று ஒரு நாள் ஓடிவந்தார் தேவானந்தம். "குடியாத்தம் தாண்டி உள்ள போவணும். பொண்ணு பேரு ஜெபகனி. பி.ஏ. வூட்ல டிவி இல்ல. காக்கா குந்தறதுக்குக்கூட கூரை மேல ஒரு ஆன்டெனா கம்பி இல்ல. நானே பார்த்துட்டு வந்தேன்."

"கார் பேசு," என்றாள் பொன்மலர்.

போகிற வழியெல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகினாள். வெள்ளைப் புடவை, மெல்லிய சிரிப்பு. பெண் தலை குனிந்து வந்தாள், வணக்கம் சொன்னாள், உள்ளே போய்விட்டாள். ஜெயகரனுக்குப் பிடித்துவிட்டது என்பது அவன் சிவந்த காதைப் பார்த்தாலே தெரிந்தது. அப்பா கிருபானந்தம் அதிகம் பேசவில்லை. கேள்வியெல்லாம் அம்மா சுந்தரபாய்தான் கேட்டாள்.

"மருமவ காலைல லேட்டா எழுந்தா இன்னா செய்வீங்க?"

"தூங்கட்டும்னு போத்தி வுட்டுடுவேங்க."

சுந்தரபாயின் முகம் கொஞ்சம் வாடியது. பதில் போதவில்லை என்று நினைத்துப் பொன்மலர் இன்னும் இழைந்தாள்.

"எதுத்துப் பேசினா?" என்றாள் சுந்தரபாய்.

"சின்னப் பொண்ணுதானே. சிரிச்சிக்குவேன்."

"கோவமே வராதுங்களா உங்களுக்கு?"

"எனக்கா? எறும்பக்கூட அதட்ட மாட்டேங்க."

சுந்தரபாய் கணவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "யோசிச்சி சொல்லி அனுப்பறோம்," என்றாள்.

பொன்மலர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். இதற்குமேல் சாந்தமாக இருக்க ஏசுவால்தான் முடியும். மகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காருக்குள் ஏறினான். அந்த நேரம் பார்த்து தேவானந்தம் அவள் காதருகே வந்தார்.

"அக்கா, நீங்க இன்னும் கொஞ்சம் பணிவா பேசியிருக்கலாம்."

"இன்னாடா சொன்ன?"

அது நாகரத்தினத்தின் குரல். முருங்கைமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. "பணிவு ஜாஸ்தியாப் போயி என் முதுகெலும்பே வளைஞ்சி கெடக்குது, நீ எனக்குப் பணிவு சொல்லித் தர்றியா? நாக்க இழுத்து வெச்சி ஆணி அடிச்சிடுவேன், ஜாக்கிரதை." தேவானந்தம் பின்வாங்கி நடந்து வைக்கோல்போரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பினாள். வாசலில் குடும்பமே நின்றுகொண்டிருந்தது. எல்லாம் முடிந்தது என்று பொன்மலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது சுந்தரபாய் படியிறங்கி ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க சம்பந்தி. இன்னைக்கே பேசி முடிச்சிடலாம்."

ஒன்றும் புரியவில்லை. ஆனால் காரணம் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறவள் இல்லை பொன்மலர். உள்ளே போனாள்.

கல்யாணம் ஆம்பூரில் நடந்தது. தொடரைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சொந்தபந்தம் ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். வாழ்த்துரை சொல்ல எழுந்த லியாகத் அலி, "நம்ம நாகரத்..." என்று ஆரம்பித்தார். பொன்மலர் மேடைக்கு ஓடி ஒரு முழு லட்டுவை அவர் வாயில் திணித்தாள். சபை அதை மரியாதை என்று எண்ணிக் கை தட்டியது.

சாயங்காலம் பெண் வீட்டார் பஸ் ஏறினார்கள். நல்ல மனுஷர்கள். அழுதுகொண்டே பெண்ணை ஒப்படைத்தார்கள். இவர்களிடம் இனியும் மறைப்பது பாவம் என்று பொன்மலருக்குத் தோன்றியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சுந்தரபாயிடம் போனாள்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். நான் டிவி நாடகத்துல நடிக்கிறேன். மருமவளக் கொடுமைப்படுத்தற மாமியாரா."

பஸ் நகர ஆரம்பித்தது. சுந்தரபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"தெரியாமயா குடுத்தோம் சம்பந்தி? வாராவாரம் குடியாத்தத்துல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயி பார்த்துட்டுத்தானே வர்றோம். எங்க ஜெபகனிய அடக்கறதுக்கு உங்கள வுட்டா இந்த ஜில்லாவுலயே ஆள் கெடையாது!"