மூலையில் ஒரு தூக்குவாளி

"யோவ், இதுல உப்பு இருக்கா?"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில், தள்ளுவண்டியைச் சுற்றி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"இருக்கு சார்," என்றார் வண்டிக்காரர்.

"எங்கே இருக்கு?"

"உள்ளே கலந்திருக்கும் சார்."

"காரம்?"

"அதுவும் கலந்திருக்கும்."

கோபம் வராதா பின்னே? வண்டியின் நெற்றியில் 'அசல் இந்தியச் சாப்பாடு' என்று முழ நீளத்துக்கு எழுதி வைத்திருக்கிறான். பக்கத்தில் நிற்கும் ஆபீஸ் கேஷியரின் தட்டில் கொண்டைக்கடலைக் குழம்பு செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்கக் கிடக்கிறது. அந்த ஆள் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றுகொண்டு, மூக்கு நுனியில் வேர்வை முத்துமுத்தாக நிற்க, சொர்க்கத்தில் இருக்கிறார். சூப்பர்வைசரின் தட்டிலோ வெளிறிப்போன மஞ்சள் தண்ணீர். அதில் நாலு கடலை, அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி ஓரமாக ஒதுங்கி நின்றன.

"எல்லாருக்கும் அந்தப் பெரிய அண்டாவிலேர்ந்து ஊத்துறே. எனக்கு மட்டும் மூலையில இருக்கிற அந்தத் தூக்குவாளியிலேர்ந்து ஊத்துறே. நான் கவனிக்கலைன்னு நினைச்சியா?"

"அது ஸ்பெஷல் சார்."

"உன் ஸ்பெஷலைத் தூக்கிக் குப்பைல போடு. ஊருக்கு ஊத்துறதை எனக்கும் ஊத்து."

"மாட்டேன் சார். உங்க நல்லதுக்குத்தான்."

"என் நல்லதைப் பத்திப் பேச நீ யாருய்யா?"

வண்டிக்காரர், அடுப்புக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்த அவருடைய தங்கையை ஒரு பார்வை பார்த்தார். ரொட்டிக்காரம்மா என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அவள் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு பூரிக்கட்டையை உருட்டினாள்.

சூப்பர்வைசரின் கோபத்தில் நியாயம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஆபீஸ் மாடிப்படியில் அவருக்குத் தலை சுற்றிக் கண் இருட்டியது. ரத்தக் கொதிப்பு என்றார் டாக்டர். உப்பு, காரம், எண்ணெய் மூன்றும் கூடாது, கோபம் கூடவே கூடாது என்றார். கோபத்தை நிறுத்துவது மனைவியின் கையில் இல்லை. மற்ற மூன்றையும் அன்று மாலையே நிறுத்திவிட்டாள்.

"வெளியே ஒரு வாய் சாப்பிட மாட்டேன்னு என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்.

"மீறினீங்கன்னு தெரிஞ்சுது, நான் அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டேன். அண்ணனை இங்கே கூட்டிட்டு வந்து வெச்சுப்பேன்."

அதற்குத்தான் அவர் பயந்தார். மைத்துனர் காலையில் எழுந்ததும் தலைகீழாக நிற்பவர். நின்றாலும் பரவாயில்லை, நின்றபடி மற்றவர்களுக்கு அறிவுரை சொல்பவர். அந்த மனிதருடன் ஒரே வீட்டில் குடியிருப்பதைவிட, பேசாமல் அந்த மாடிப்படியிலேயே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஆனால் நாக்கு சத்தியத்தை எல்லாம் கேட்குமா? ஆபீஸ் கேன்டீனில் பத்தியச் சாப்பாடு போடுகிறார்கள், மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸ் வேண்டாம் என்று ஒரு பொய்யைச் சொன்னார். "அப்படியா, நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி. மறுநாளே ஆபீசுக்குப் பின்பக்கத் தெருவில் இந்த வண்டியைக் கண்டுபிடித்தார். பத்து நாள் ராஜ வாழ்க்கை. பத்தாம் நாள் சட்டைக் கையில் குழம்பு சிந்திவிட்டது.

"என்னங்க இது சிவப்பா?"

"ஆபீஸ் மசி."

அவள் சட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "ஆமாங்க, மசிதான். நல்ல மசி," என்று துவைக்கப் போட்டாள். தப்பித்தோம் என்று நினைத்தார்.

இரண்டு நாளுக்கெல்லாம் வண்டியில் அந்தத் தூக்குவாளி முளைத்தது. அன்றைக்குப் போன ருசி போனதுதான். வாயில் வைக்கும்போதெல்லாம் இதை ஏற்கெனவே எங்கேயோ சாப்பிட்டிருக்கிறோமே என்று ஒரு ஞாபகம் வந்து உறுத்தியது. ஆஸ்பத்திரியில்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்.

ராத்திரிச் சாப்பாட்டிலும் அதே கதிதான். ஆனால் அங்கே வாயைத் திறக்க முடியாது.

"எப்படி இருக்குங்க?"

"பிரமாதம். உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

"உங்களுக்காக நானும்தான் உப்பில்லாமச் சாப்பிடுறேன்," என்பாள். இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பாள். சூப்பர்வைசர் உருகிப்போவார். பாவம், நமக்காக ஒரு ஜீவன் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறதே! இத்தனைக்கும் அவள் இளைக்கவில்லை, கொஞ்சம் பூரித்துத்தான் இருந்தாள். கவலையிலும் உடம்பு ஊதும் என்று எங்கோ படித்திருந்தார்.

சரி, வண்டிக்காரனிடம் நேராகக் கேட்டால் வேலைக்கு ஆகாது. மறுநாள் கேஷியரைப் பிடித்தார்.

"நீங்க போய் ரெண்டு தட்டு வாங்கிட்டு வாங்க. ரெண்டும் எனக்குத்தான், ரொம்பப் பசின்னு சொல்லுங்க. என் பேச்சையே எடுக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்."

கேஷியர் பொய் சொல்லிப் பழகாதவர். கால் மணி நேரம் கழித்து, இரண்டு தட்டிலும் மஞ்சள் தண்ணீரோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"என்னய்யா இது?"

"ரெண்டும் எனக்குத்தான்னேன் சார். 'உங்களைப் பார்த்தா ரெண்டு தட்டு சாப்பிடுற ஆளாத் தெரியலையே'ன்னான். 'எங்க சூப்பர்வைசரைப் பத்தி நான் ஒரு வார்த்தைகூடப் பேசலையே'ன்னேன்."

"அட அறிவுக்கொழுந்தே!"

"என்னைத் திட்டாதீங்க சார். எது யாருக்குன்னு தெரியலைன்னு சொல்லி ரெண்டுலயும் அந்த வாளியிலேர்ந்தே ஊத்திட்டான். உங்களால என் வாயிலயும் மண்ணு."

அன்று பிற்பகல் சூப்பர்வைசர் பேனாவை எடுத்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதுதான் அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், விண்ணப்பம் வந்த வழியே திரும்பிவிடும். ஆயுள் காப்பீட்டுப் பணம் கேட்டு வந்த தாளில் இறந்தவர் கையெழுத்து இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பியவர். அப்படிப்பட்ட கை நகராட்சி உணவுப் பிரிவுக்குப் புகார் எழுதினால் எப்படி இருக்கும்? ஆறு பிரிவு, ஒன்பது உட்பிரிவு, கீழே இரண்டு அடிக்குறிப்பு.

எழுதி முடித்தபோது மனசு ஆறிப்போனது. படிவத்தில் கடைசியாக ஒரே ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. 'குடும்ப உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி எண்.'

விட்டுவிடலாம்தான். வேறு எவனாக இருந்தாலும் விட்டிருப்பான். ஆனால் காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியின் நம்பரை எழுதிவிட்டார். இதற்கெல்லாம் எவன் போன் செய்யப் போகிறான் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

நாலாம் நாள் பகல் ஒரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு பெரிய பை, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லாத அம்மாள். தெருவே வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டது. சூப்பர்வைசர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"வந்துட்டாங்கல்ல? இப்பப் பேசுய்யா, பார்க்கலாம்!"

வண்டிக்காரர் சூப்பர்வைசரின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து விழித்தார். சூப்பர்வைசர் திரும்பினார். மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"நீ... நீ எங்கே இங்கே?"

"நகராட்சியிலேர்ந்து போன் வந்துது. உங்க புகாரை விசாரிக்கிறாங்க, வாங்கன்னாங்க." அவள் குரல் தணிந்துதான் இருந்தது. "கேன்டீனைத் தெருவுக்கு மாத்திட்டாங்களாங்க?"

சூப்பர்வைசரின் கண்முன் மைத்துனர் தலைகீழாக வந்து நின்றார்.

"மேடம், புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றார் அவசரமாக.

"ஆறு பிரிவு எழுதிட்டு வாபஸா? நேத்து முழுக்க உட்கார்ந்து படிச்சிருக்கேன்," என்று சீறினார் ஆய்வாளர். "எல்லாரும் கேளுங்க, வாசிக்கிறேன்."

வாசித்தார். உப்பு இல்லை என்பது பிரிவு ஒன்று. காரம் இல்லை என்பது இரண்டு. மூன்றாவதை இன்னும் உரக்க வாசித்தார்.

"'இந்தக் குழம்பைத் துணி துவைத்த தண்ணீர் என்று சொன்னால், துணி துவைத்த தண்ணீர் மானநஷ்ட வழக்குப் போடும்.'"

கூட்டம் சிரித்தது. மனைவியின் முகம் சிவந்தது.

"மேடம், போதும் மேடம்," என்று கெஞ்சினார் சூப்பர்வைசர்.

"நீங்க படிங்க மேடம்," என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லாத்தான் எழுதியிருக்காரு. படிங்க."

"'பிரிவு நாலு. இதைச் சமைத்த கை எந்தக் கையாக இருந்தாலும், அந்தக் கை ஆயுசுக்கும் அடுப்புப் பக்கம் போகாதபடி சட்டப்படி தடை விதிக்க வேண்டும்.'"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அது சத்தியத்தை மீறியவனைப் பார்க்கிற பார்வைதான் என்று அவர் உறுதியாக நம்பினார். சட்டென்று அவருக்குப் பிரிவு ஐந்து ஞாபகம் வந்தது. பிழைத்தோம்!

"அஞ்சைப் படிங்க மேடம், அஞ்சை! இந்தா பாரு, உன்னைப் பத்தித்தான், நல்லாக் கேளு!"

"'பிரிவு ஐந்து. என் மனைவியும் எனக்குப் பத்தியம்தான் சமைக்கிறாள். அவள் கைக்குழம்பு அமிர்தம். அந்தக் குழம்பின் கால்தூசிக்கு ஈடாகுமா இந்தக் குழம்பு?'"

வண்டிக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்து, அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். ரொட்டிக்காரம்மாவின் தோள் குலுங்கியது. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள், மனசு இளகிவிட்டது என்று சூப்பர்வைசர் கொஞ்சம் மூச்சு விட்டார்.

ஆய்வாளர் புகாரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு கரண்டியைத் துடைத்து எடுத்தார். மூலையில் இருந்த தூக்குவாளியைத் திறந்தார். முகர்ந்தார். ஒரு வாய் விட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். பையிலிருந்து ஏதோ ஒரு கருவியை எடுத்து உள்ளே விட்டு அளந்தார். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

"எண்ணெய் துளிகூட இல்லை. உப்பு இம்மியளவு. பன்னிரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு தள்ளுவண்டியில இப்படிச் சுத்தமான குழம்பை நான் பார்த்ததே இல்லை!" என்றார் ஆய்வாளர். அந்த முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. "இதுக்கு நகராட்சி பாராட்டுப் பத்திரம் கொடுக்கணும். இன்னையிலேர்ந்து எல்லாருக்கும் இதையே ஊத்துங்க!"

"ஐயோ!" என்று கத்தினார் கேஷியர். "யோவ் சூப்பர்வைசர், நீ நல்லா இருப்பியா?"

ஆளாளுக்குத் தட்டை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்தார். இன்னொருவர், உன் புகாரில் இடி விழ என்றார். "நான் சொன்னது வேற, இந்த அம்மா செய்யறது வேற!" என்று சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்தினார். டாக்டர் கூடாது என்று சொன்ன நாலில் மிச்சமிருந்த ஒன்றையும் அன்றைக்கு அவர் தாராளமாகவே அனுபவித்தார்.

"சத்தம் போடாதீங்க!" என்று அதட்டினார் ஆய்வாளர். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பாராட்டுப் பத்திரத்துக்கான படிவம். "எல்லாம் எழுதிட்டேன். சமைத்தவர் பெயர்ங்கிற கட்டம் மட்டும் காலியா இருக்கு. யார் சமைச்சது?"

வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

"கட்டத்தைக் காலியா விடாதீங்க மேடம்!" கசங்கிய காலரோடு, பழக்க தோஷத்தில் சூப்பர்வைசர் முன்னால் பாய்ந்தார். "சொல்லுய்யா! எந்தப் புண்ணியவதி சமைச்சது? எனக்கும் தெரிஞ்சாகணும்!"

ரொட்டிக்காரம்மா பூரிக்கட்டையைக் கீழே வைத்தாள். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"சாரோட வீட்டு அக்கா பேரையே எழுதிக்குங்க மேடம். தினம் பதினோரு மணிக்கு சாருக்குன்னு ஒரு வாளி கொண்டாந்து வெச்சுட்டு, பதிலுக்கு எங்க காரக் குழம்பை இன்னொரு வாளி நிறைய ஊத்திக்கிட்டுப் போறது அவங்கதானே!"