'வாங்கிட்டேன்' என்று சொல்ல ஓர் ஆள்

நீலகிரியில் நடுரோட்டில் காட்டெருமை நின்றால் பஸ் நிற்கும், ஜீப் நிற்கும், மந்திரி காரே நிற்கும். லோடு மட்டும் நிற்க மாட்டார். முதுகில் கேரட் மூட்டையோடு நேராக நடப்பார். காட்டெருமைதான் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிவிடும்.

கேத்தியில் லாரிக்கு மூட்டை ஏற்றுவது அவர் வேலை. அதனால் ஊருக்கே அவர் 'லோடு'. வீட்டில் வைத்த பெயர் என்னவோ, அவர் அம்மாவே என்னிடம், "லோடு சாப்ட்டானுங்களா?" என்றுதான் விசாரிப்பார்.

நான் அப்போது பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தேன். தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மிரட்டியதால், ஊட்டியில் ரக்பி ஆடும் ஒரு குழுவில் பயந்துகொண்டே சேர்ந்திருந்தேன். ஒருநாள் வேடிக்கை பார்க்க லோடும் கூட வந்தார். கோச் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பந்தைக் கையில் கொடுத்து, "இதை அந்தக் கோடு வரைக்கும் கொண்டு போங்க பார்க்கலாம்" என்றார். லோடு கொண்டுபோனார். தடுக்க வந்த நான்கு பேரையும் சேர்த்துக் கொண்டுபோனார்.

ஒரே ஒரு குறை. எதிராளி பிடித்துக் கீழே தள்ளினால் பந்தை உடனே விட்டுவிட வேண்டும், பின்னால் வரும் நம் ஆள் எடுத்துக்கொள்வார் என்பது ஆட்டத்தின் சட்டம். லோடு விடமாட்டார். கோழி அடைகாப்பது போல அதன்மேல் படுத்துக்கொள்வார். நடுவர் விசில் ஊதுவார், பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இந்த நிலையில் சென்னையிலிருந்து, சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் ஓர் அணிக்காரர் எங்கள் மேட்ச் ஒன்றைப் பார்த்து ஆள் எடுக்க வந்தார். "ஓடுனாச் சம்பளமுங்களா? நெசமாவா?" என்று லோடு என்னிடம் கேட்டுக் கேட்டுத் தூக்கத்தையே தொலைத்திருந்தார்.

அன்று முதல் பாதி முழுக்க விசில்தான். வந்தவர் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். இடைவேளையில் கோச் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏனுங்க லோடு, உழுந்தா உட்டுரோணும்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"பந்தை எடுக்கறவங்க ஒண்ணும் சொல்லலீங்களே. லாரி மேல நிக்கறவரு 'வாங்கிட்டேன்'னு சொன்னாத்தானுங்க மூட்டைய உடுவோம். நம்ம பாட்டுக்கு உட்டா, ஆரு காலு மேலயாச்சும் உழுந்துருமுங்க."

இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எங்களுக்கு. இரண்டாம் பாதியில் அவர் விழுந்ததும் ஆளாளுக்கு "வாங்கிட்டேன்" என்று கத்தினோம். லோடு சமர்த்தாக விட்டார். மடமடவென்று புள்ளிகள் ஏறின. எதிரணியும் காதில்லாதவர்கள் அல்லவே. அவர்களில் ஒருவன் குனிந்து "வாங்கிட்டேன்" என்றான். லோடு அவனிடமும் பந்தை மரியாதையாகக் கொடுத்தார். கோச் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடினேன். "ஆரு சொன்னாலும் குடுத்துருவீங்களா?"

லோடு யோசித்தார். "இனி உங்க கொரலுக்கு மட்டும் உடறனுங்க. கீச்சுனு தனியாத் தெரியும்."

அதன் பிறகு மைதானம் முழுக்க அவர் பின்னாலேயே நான் ஓடினேன். அவர் விழ விழ, நான் கீச்சிட்டேன். நாங்கள் ஜெயித்தோம்.

சென்னைக்காரர் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு லோடின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லோடு என்னைக் காட்டி, "இவரையும் எடுத்துக்குங்க சார்" என்றார். அவர் என் தொப்பையைப் பார்த்துவிட்டு, நாகரிகமாக மலையைப் பார்த்தார்.

"அப்ப நானும் வரலீங்க."

"கிறுக்குத்தனம் பண்ணாதீங்க லோடு. அங்கேயும் ஒருத்தர் பின்னாடி ஓடி வருவாரு. போங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினேன். காட்டெருமைக்கு நகராதவர், என் கைக்கு நகர்ந்தார்.

இப்போது டிவியில் அவர் ஆடுவதைப் பார்க்கிறேன். லோடு விழுகிறார். ஒல்லியான ஒருவர் பின்னாலேயே ஓடிவந்து குனிந்து ஏதோ சொல்கிறார், லோடு பந்தை விடுகிறார். அந்த ஒல்லி மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஒருநாளும் தொண்டை கட்டக் கூடாது என்று கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.