ஆறு மாதப் பாவனை

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், மனிதகுலம் இதுநாள்வரை தன் குழந்தைகளைத் தவறான கதிரைகளில் இருத்தி வந்திருக்கிறது. இந்தப் பேருண்மை, களுதாவளைக்குப் பக்கத்தில் வாவியோரமாக இருக்கும் சின்ன முன்பள்ளி ஒன்றின் வாசலில் அன்று காலை மூச்சடைத்து நின்ற நிதுர்ஷனுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

அவன் வெறும் தளபாடம் செய்பவனல்ல. 'மழலையர் புலனியக்க விருத்தித் தளபாட வடிவமைப்பாளர்'. விசிட்டிங் கார்டில் அந்தப் பட்டம் முன்பக்கத்தில் அடங்காமல் பின்பக்கத்துக்கும் போயிருந்தது. சமநிலை பழக வளைந்த அலைப்பலகை, ஊர்ந்து போக மரச்சுரங்கம், விரலால் தடவிப் பார்க்கத் தும்பும் சிப்பியும் மணலும் ஒட்டிய தொடுபலகை, ஆடியபடி இருக்க வட்டக் கதிரைகள். ஆறு மாதத்துக்கு முன்பு இவற்றைப் பரீட்சார்த்தமாக இந்தப் பள்ளிக்குக் கொடுத்திருந்தான். இன்று கொழும்பிலிருந்து நிஸ்றா என்ற மதிப்பீட்டாளர் வருகிறார். பிள்ளைகளின் கைகால்களில் முன்னேற்றம் தெரிந்தால் மாவட்டம் முழுக்க இவனுடைய தளபாடம்தான். தெரியாவிட்டால் மாமனாரின் சவப்பெட்டிக் கடை. அங்கே வாடிக்கையாளருக்கு இயக்க விருத்தி தேவைப்படுவதில்லை.

அவனுக்கு மூச்சடைத்ததற்குக் காரணம், ஆறு மாதத்துக்கு முன்பு இறக்கிய சாமான் அத்தனையும் இறக்கிய இடத்திலேயே, இறக்கிய பொலித்தீனோடேயே, அறையை அடைத்துக்கொண்டு நின்றதுதான்.

"ஒரு கீறல் இல்ல பாருங்க" என்றார் கம்சாயினி டீச்சர், பெருமையாக.

"பிள்ளைகள் பாவிக்கல்லயா டீச்சர்?"

"திறப்பு விழா வைக்காம எப்படித் தம்பி பாவிக்கிற?"

விழாவுக்கு முதலில் கேட்ட பிரமுகர் தேர்தலில் தோற்றுப்போனார். தோற்றவர் திறந்த கதிரையில் பிள்ளைகளை இருத்துவது சரியில்லை என்று பெற்றோர் சங்கம் அபிப்பிராயப்பட்டது. அடுத்தவர் கனடாவுக்கு மகளைப் பார்க்கப் போனவர், இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவருக்கு ஒழிந்த நாளெல்லாம் அட்டமியாக வந்து முடிந்தது. அதுவரை யாரும் தொடக்கூடாது என்று டீச்சர் கட்டளை போட்டிருந்தார்.

நிதுர்ஷன் பையிலிருந்து கத்தியை எடுத்தான். டீச்சர் குறுக்கே வந்து நின்றார். விளக்கேற்றாமல், கற்பூரம் காட்டாமல் ஒன்றும் அவிழ்க்க விடமாட்டாராம். பிரதம விருந்தினராக நானே இருக்கிறேன் என்றான் அவன். டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாத குரலில் சரி என்றார்.

மங்கல விளக்கு எரிந்தது. கற்பூரமும் எரிந்தது. அதைத் தொடர்ந்து பொலித்தீனும் எரியத் தொடங்கியது.

கஞ்சிக்கு வைத்திருந்த தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். பெரிய சேதம் இல்லை. தொடுபலகையின் மேல் மட்டும் பொலித்தீன் உருகிப் படிந்து, தும்பும் சிப்பியும் மணலும் கண்ணாடி போட்ட சாமிப்படம் மாதிரி வழவழவென்று மின்னின. உலகத்திலேயே தடவிப் பார்க்க ஒன்றுமில்லாத ஒரே தொடுபலகை அதுதான்.

மீதிப் பொலித்தீனை அவன் கத்தியால் கிழித்து எறிந்தபோது அடுத்த வில்லங்கம் வெளியே வந்தது. மரம் நேற்றுத்தான் வார்னிஷ் அடித்ததுபோல் இருந்தது. ஆறு மாதம் நாற்பது கால்கள் மிதித்த பலகை என்று இதை எந்த மதிப்பீட்டாளர் நம்புவார்? பழசாக்க வேண்டும், உடனே. தேயிலைச் சாயம் ஏற்றினால் மரம் மங்கிவிடும் என்று எங்கோ வாசித்தது ஞாபகம் வந்தது.

குசினியில் அன்னப்பூரணி நின்றாள். தாய்மார் முறை வைத்துப் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சுவார்கள். இன்று அவள் முறை. கேத்தல் நிறைய, பால் விடாத பிளேன்டி இருந்தது. அதை அப்படியே வாங்கிவந்து துணியில் தோய்த்துத் தேய்த்தான். மரம் அழகாகக் கறுத்தது. அவன் நிமிர்ந்து முதுகை நெட்டி முறிப்பதற்குள் சுவரோரத்திலிருந்து எறும்புகளின் செவ்வரி ஒன்று புறப்பட்டு அலைப்பலகையில் ஏறிக்கொண்டிருந்தது.

"சீனி போட்டதா அக்கா?"

"கொழும்பு மிஸ்ஸுக்கு எண்டு கொஞ்சம் கூடத்தான் போட்ட" என்றாள் அன்னப்பூரணி.

பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியோடு நின்றுவிட்டார்கள். நிதுர்ஷன் கூப்பிட்டான், சிரித்தான், கெஞ்சினான். ஒரு வாண்டு, "தொடப்படாது" என்று அவனுக்கே புத்தி சொன்னது. தெருவில் வாகனச் சத்தம் கேட்டது. டீச்சர் சேலையைச் சரிசெய்தபடி வாசலுக்கு ஓடினார்.

இனிச் செய்துகாட்டுவதைத் தவிர வழியில்லை. நிதுர்ஷன் குனிந்து மரச்சுரங்கத்துக்குள் தலையை நுழைத்தான். தலை போனது, தோள் போனது, வயிறு போகவில்லை. பின்னால் வரப் பார்த்தான். சட்டை உள்ளே ஆணியில் மாட்டிக்கொண்டது. அந்த ஆணியை அடித்தவனும் அவன்தான். அந்த நேரம் பார்த்து எறும்புகள் அவனுடைய காற்சட்டைக்குள் மதிப்பீட்டை ஆரம்பித்தன.

நிஸ்றா உள்ளே நுழைந்தபோது கண்டது, ஒரு சுரங்கத்திலிருந்து வெளியே நீண்டு உதைத்துக்கொண்டிருந்த இரண்டு கால்களை.

பிள்ளைகளுக்கு அடக்கி வைத்த பொறுமை அந்த இடத்தில் தீர்ந்தது. ஒருத்தன் அலைப்பலகையின் விளிம்பில் கைவிரித்து ஓடி அப்பால் குதித்தான். ஒருத்தி பூனைபோல் சுரங்கத்தின் மேலேறி மறுபக்கம் இறங்கி, உள்ளே நெளிந்துபோய் ஆணியிலிருந்து சட்டையை விடுவித்தாள். மற்றவர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்துக் குதிக்காலை ஊன்றி இழுத்தார்கள். வெளியே வந்து விழுந்தவனைச் சுற்றிக் குந்தியிருந்து, அவன் கழுத்திலும் காதிலும் ஊர்ந்த எறும்புகளைச் சுட்டுவிரலாலும் பெருவிரலாலும் ஒவ்வொன்றாக, நசுக்காமல் எடுத்துப் போட்டார்கள்.

நிஸ்றா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு அவர் பேசியதெல்லாம் நிதுர்ஷனுக்குத் தேனாக விழுந்தது. சமநிலை, பிடிவலு, விரல்நுட்பம், பயமின்மை. இந்த வயதில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தான் எந்த மாவட்டத்திலும் கண்டதில்லையாம். ஆறு மாதத்துக்கு முன்பு எடுத்த வீடியோவில் இதே பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கக்கூட முடியாமல் விழுந்தார்களாம்.

நிதுர்ஷன் எழுந்து நின்றான். ஒரு காதில் எறும்பு மிச்சமிருந்தும் பொருட்படுத்தாமல், தளபாடம் என்பது பலகையல்ல, அது ஒரு தத்துவம் என்று தொடங்கி, பிள்ளைகளின் மூளை நரம்புகளுக்கும் தன் அலைப்பலகைக்கும் உள்ள உறவை விளக்கினான். மாமனாரின் கடை மெல்லமெல்லத் தூரத்தில் தேய்ந்து மறைந்தது. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஸ்றா சம்மதமாகத் தலையசைத்தார். கடைசியாக ஒரு தாயின் அபிப்பிராயத்தையும் கேட்பது தங்கள் வழக்கம் என்று சொல்லி, கஞ்சிச் சட்டியோடு வந்த அன்னப்பூரணியைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளைகள் இவ்வளவு நல்லா வந்தது இந்தத் தளபாடத்தாலதானா?"

"ஓம் மிஸ், இதாலதான்" என்றாள் அன்னப்பூரணி. "இது வந்த நாளில இருந்து உள்ளுக்க இருக்க இடமில்ல, பிள்ளைகள் முழுநாளும் வாவிக்கரையில மரத்தில ஏறி மணலுக்க குதிச்சுத்தான் திரியிறாங்க."