தெற்கே பார்த்த கார்கள்

சுண்ணாம்புக் கோடு நேராக வந்து பாஞ்சாலையின் இட்லிக் குண்டானுக்கு அடியில் புகுந்து, அடுப்புக்கு அந்தப் பக்கம் வெளியே போனது. கோடு போட்ட ஆள் குண்டானைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னான். பாஞ்சாலை நகர்த்தினாள். கோடு காய்ந்ததும் குண்டானைத் திரும்ப அதன் மேலேயே வைத்துவிட்டு அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றினாள்.

மகள் தேவிப்ரியாவுக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சார் கோடு இது?"

"ஸ்டேஷன் கார் பார்க்கிங்கை அகலப்படுத்தப் போறோம்மா. கடைய எடுத்துடணும்," என்றார் அளக்க வந்த இன்ஜினியர்.

"ரயிலுக்கு வர்றவங்கள நம்பித்தான் சார் இந்தக் கடையே இருக்குது. இங்கிருந்து கெளப்பிட்டா எங்கம்மா எங்க போவும்?"

இன்ஜினியர் கெட்டவர் இல்லை. பார்க்கிங்கைக் கைநீட்டிக் காட்டினார். "நீயே பாரு. ஊசி குத்த இடமில்ல. ரயிலுக்கு வர்றவங்க காரை ரோட்டுல விட்டுட்டு ஓடுறாங்க. அடுத்த வாரம் திரும்ப வருவேன். பாதி இடம் காலியா கெடந்தா நான் எதுக்கு அகலப்படுத்தப் போறேன்? ஃபைலை மூடிட்டுப் போயிட்டே இருப்பேன்."

சொன்னவர் ஒரு பிளேட் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

தேவிப்ரியா அந்த வீட்டின் முதல் பட்டம். வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. கணிதம் படித்தாள். அந்தப் படிப்புக்கு ஊர் கொடுத்த வேலை, அதே பார்க்கிங்கின் வாசலில் பில் மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பது. குத்தகைக்காரர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். மற்றபடி அங்கே தேவிப்ரியா வைத்ததுதான் சட்டம். பாதி இடத்தைக் காலி செய்வது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தாள்.

சாயங்காலம் வரிசை வரிசையாகக் குனிந்து டயர்களைப் பார்த்தாள். இந்த ஊரில் கார் வாங்கினவன் அமாவாசைக்கு அமாவாசை பூசை போட்டு, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பான். வண்டி நகர்ந்தால் பழம் நசுங்கும். இங்கே பழங்கள் நசுங்காமலே காய்ந்து புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தன. சில சக்கரங்களுக்கு முன்னால் போன அமாவாசைப் பழமும் அதற்கு முந்தின அமாவாசைப் பழமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

ரயிலுக்கு வந்த கார்கள் இல்லை இவை. வீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்தவே இடம் இல்லாதவர்கள் கௌரவத்துக்கு வாங்கின கார்கள். பௌர்ணமி கிரிவலம் வந்தால் போலீஸ்காரர்கள் தெருவையும் அடைத்துவிடுவார்கள். ஆகவே மாசப் பாஸ் போட்டு ஸ்டேஷனில் விட்டுவிட்டு, காலையும் மாலையும் நடந்து வந்து துடைத்துவிட்டுப் போவார்கள்.

பாத்திரக்கடை ராமதாஸ் தன் வெள்ளைக் காரின் பானெட்டில் பிளேட்டை வைத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த ரயிலுக்கு சார் போறீங்க?"

"நான் எதுக்கும்மா ரயிலுக்குப் போறேன்? அப்புறம் கடைய யாரு பாக்குறது?"

"நகராத வண்டிக்கு இனிமே இங்க இடம் கெடயாது. நாளைலர்ந்து பழம் நசுங்கலைன்னா வண்டிய எடுத்துடணும்."

அடுப்படியிலிருந்து பாஞ்சாலை குரல் கொடுத்தாள். "பாப்பா, அவுங்கள ஏன் வெரட்டுற? நின்னுட்டுப் போட்டும்."

"நீ எல்லாத்துக்கும் கும்புடு போட்டே பழகிட்ட. சும்மா இரும்மா."

பாஞ்சாலை சட்னி வாளியோடு வந்தாள். ராமதாஸுக்கு இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினாள்.

மறுநாள் காலை, வாழ்நாளில் நகராத கார்கள் அத்தனையும் நகர்ந்தன. சொந்தக்காரர்கள் புதுப் பழத்தோடு வந்து, சக்கரத்துக்கு முன்னால் வைத்து, ஒரு முழம் முன்னே விட்டு நசுக்கி, ஒரு முழம் பின்னே வந்து நின்றார்கள். பின்னே வந்த காரை முன்னே வந்த கார் உரசியது. வாசலில் அடைசல். நிஜமாகவே ரயிலுக்கு வந்தவர்கள் ரோட்டில் நின்று ஹாரன் அடிக்க, ரயில் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் ஜீப்பில் அந்தப் பக்கமாகப் போனார். இறங்கி ஒரு போட்டோ எடுத்தார்.

"எவ்ளோ நடமாட்டம் பாருமா. கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் போடணும்."

தள்ளிப் போட்டார்கள். கோடு இப்போது ஆட்டோ ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. ஆட்டோக்கார வேணு தேவிப்ரியாவிடம் வந்தார்.

"உங்க ஊட்டுக் கோட்டை எதுக்கும்மா என் ஸ்டாண்டுக்கு இழுத்தாற?"

"நான் பாத்துக்கறேன் மாமா."

"பாத்துக்கறன்னுதான் பயமா இருக்குது."

அடுத்ததாக ஒரு போர்டு வைத்தாள். ரயில் டிக்கெட் காட்டுகிறவர்களுக்கு மட்டுமே இடம். போர்டைப் படித்த ராமதாஸ் அமைதியாக கவுன்டர் வரிசையில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் கார்க்காரர்கள் எல்லோரும் நின்றார்கள். நிஜப் பயணிகள் அந்த வரிசையின் வாலில் நின்று அன்றைக்கும் ரயிலை விட்டார்கள்.

ராமதாஸ் டிக்கெட்டை நீட்டினார். பக்கத்து ஸ்டேஷனான துரிஞ்சாபுரத்துக்கு.

"போவீங்களா?"

"போணும்னு போர்டுல இல்லயேம்மா."

பாஞ்சாலையின் இட்லி அன்றைக்குச் சீக்கிரமே தீர்ந்தது. ரயிலை விட்டவர்கள் சாப்பிட்டிருப்பார்கள் என்று தேவிப்ரியா நினைத்துக்கொண்டாள். இன்ஜினியர் போன் செய்தார். "டிக்கெட்டு வித்துத் தள்ளுதாம்மா. ரெண்டு மாடியா கட்டிடலாமான்னு பேச்சு நடக்குது." நல்ல சேதி சொல்கிற குரல் அது.

அவர் திரும்ப வர இரண்டே நாள் இருந்தது. தேவிப்ரியா வாசலில் நின்று கார்களை வெறித்தாள். ஒன்று தட்டுப்பட்டது. அத்தனை காரும் மலையைப் பார்த்து நின்றன. குறுக்கே நிறுத்தினால் சுலபமாக நுழையக்கூடிய இடத்தில்கூட, முன்னே பின்னே போய்க் கஷ்டப்பட்டு, மூக்கை அண்ணாமலைக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஊருக்கு உண்டு. பெயின்ட் வாங்கி வந்து பழைய கோடுகளை அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு அம்பு வரைந்தாள். போர்டில் எழுதினாள்: வண்டிகளின் முகப்பு தெற்கு நோக்கியே இருக்க வேண்டும்.

ராமதாஸ் வெகுநேரம் படித்தார்.

"தெற்கயா?"

"தெற்கதான்."

"அது எமன் தெசைம்மா."

"போர்டுல எமன்னு எழுதலையே சார்."

"எம்பொண்ணு ஏறப்போற வண்டிம்மா இது." குரல் இறங்கிவிட்டது. அவர் வாதாடவில்லை. காரைத் தொட்டுக் கும்பிட்டார், ஏறினார், எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வேங்கிக்கால் பக்கம் காலி மனையில் சில, செங்கம் ரோட்டில் யாரோ வாடகைக்கு விட்ட கொட்டகையில் சில. ரயிலுக்கு வருகிறவன் மட்டும் எப்போதும்போல வந்தான். அவனுக்குத் தெற்கு ஏது, வடக்கு ஏது. அம்பைப் பார்த்து நிறுத்திவிட்டு பிளாட்பாரத்துக்கு ஓடினான்.

பாஞ்சாலை இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கடைசிக் கார் வளைவில் மறையும்வரை நின்றாள்.

"எல்லாத்தையும் அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன். இனிமே உன் கடைய எவனும் தொட மாட்டான்."

பாஞ்சாலை ஈரத்துணியால் பிளேட்டுகளைத் துடைத்து அடுக்கினாள்.

இன்ஜினியர் சொன்னபடி வந்தார். பார்க்கிங்கின் நடுவில் ஒரு நாய் நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. அவர் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரிகூட இருந்தது. "ஜாஸ்தியா நெனச்சிட்டோம் போல," என்று சொல்லி, செருப்புக் காலால் கோட்டைத் தேய்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். பட்டம் வாங்கின நாளில்கூட தேவிப்ரியா அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

மறுநாள் காலை ரயில் வந்தது. இறங்கினவர்கள் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்கள். ஏறுகிறவர்கள் பிளாட்பாரத்துக்கு ஓடினார்கள். கடையை அரைக்கண்ணால் பார்த்தவர்கூட இல்லை. குண்டானில் ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் பாஞ்சாலை மாவைக் கம்மியாகக் கரைத்தாள். அதிலும் பாதி மிஞ்சியது.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனது. பெஞ்சில் ஆட்டோக்கார வேணு மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாஞ்சாலை குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். தேவிப்ரியா அம்மாவின் இடத்தில் கரண்டியோடு நின்றாள்.

"இவ்ளோ சனம் ரயிலுக்கு வருது மாமா. ஒருத்தன் நின்னு சாப்புட மாட்றானே, ஏன்?"

வேணு குழாயடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ரயிலுக்கு ஓடுறவன் என்னிக்கும்மா நின்னு சாப்ட்டான்? நீ காலேஜ் சேர்ந்த வருசம் கடை படுத்துடுச்சின்னு, ஒவ்வொரு கார்க்காரன் ஊட்டுக்கும் நடையா நடந்து, 'வண்டிய ஸ்டேஷன்ல கொணாந்து உடுங்க, நான் பாத்துக்கறேன்'னு கெஞ்சி அவங்களக் கூட்டியாந்ததே உங்கம்மாதான்."