டர்போவுக்கு மூன்று நிமிடம்

எட்டு வருடமாக ஒரு கதையைச் சந்தேகப்பட்டு வந்தேன். சந்தேகப்பட்டுக்கொண்டே அதற்குக் கீழ்ப்படிந்தும் வந்தேன். இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்ய முடியும் என்று கல்யாணமாகாதவர்கள் கேட்கலாம். மற்றவர்கள் கேட்கமாட்டார்கள்.

பட்டர்வொர்த் படகுத்துறையில் ஒரு கார், உள்ளே ஆளில்லாமல், தானாகவே உருண்டுபோய்க் கடலில் விழுந்தது என்பதுதான் கதை. சொன்னவள் என் மனைவி புஷ்பவள்ளி.

நான் பினாங்கு துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். உடைந்து வந்த பெட்டி, நனைந்து வந்த மூட்டை பற்றிய புகார்களை விசாரிப்பது என் வேலை. மூட்டை நனைந்தது என்று எழுதினால் விடமாட்டேன். மழைத் தண்ணீரா, கடல் தண்ணீரா? யார் பார்த்தது? பார்த்தவர் எங்கே நின்றார்? கப்பல் கேப்டன்களின் கடிதங்களையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு முழுக் காரையே விழுங்கிவிட்டேன். ஏன் என்று யோசித்து யோசித்துத்தான் எனக்கு முடி கொட்டியது.

1989இல் அந்தக் காரை வாங்கினேன். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த டர்போ கார். எனக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த வயதில் சிலர் விரதம் இருப்பார்கள். நான் டர்போ வாங்கினேன்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு சிறு விசிறி. வேகமாக ஓட்டினால் நெருப்பாய்ச் சூடாகும். வந்து நின்றவுடன் எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, எண்ணெய் உள்ளேயே கருகி, விசிறி கெட்டுவிடும். அதனால் கொஞ்ச நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஆறவைத்துத்தான் அணைக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைப் பட்டறைக்காரர் சந்திரசேகரன் முதல் சர்வீசின்போது வீட்டுக்குப் போன் செய்து சொன்னார். போனை எடுத்தவள் புஷ்பவள்ளி. நான் வீடு திரும்பியபோது மளிகைக்கடைக் காலண்டரின் ஓரத்தில் அவள் கையெழுத்தில் இருந்தது: டர்போ, மூன்று நிமிடம்.

அன்று முதல் எங்கே போனாலும் அவள் இறங்கி உள்ளே போவாள். நான் காரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பேன்.

மூன்று நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோம். மூன்று நிமிடம் கழித்து நான் உள்ளே நுழைந்தபோது, மறுநாள் பெண் வீட்டாரை சுங்கைப் பட்டாணிக்கு அழைத்துப் போகும் டிரைவராக நான் நியமிக்கப்பட்டிருந்தேன். கோயில் கூட்டத்துக்குப் போனோம். உள்ளே நுழைவதற்குள் அன்னதானக் குழுவில் பாத்திரம் கழுவும் பிரிவுக்குத் தலைவராகியிருந்தேன்.

மறுக்க முடியாதா? முடியாது. அங்கேதான் அவள் கெட்டிக்காரத்தனம். எதையும் தன் யோசனை என்று சொல்லமாட்டாள். எல்லாம் என் யோசனை. "அவருதான் சொன்னாரு" என்று சொல்லி வைத்திருப்பாள். நான் நுழையும்போது எல்லாரும் எழுந்து நின்று எனக்கு நன்றி சொல்வார்கள். நன்றி சொல்கிறவர்களிடம் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றால், அவளைப் பொய்க்காரியாக்க வேண்டும். அவள் பிறந்த வீட்டு ஜனங்கள் முன்னால் அதைச் செய்துவிட்டு அதே காரில் அவளோடு திரும்பி வரவும் வேண்டும்.

சில தற்காப்பு முயற்சிகள் செய்து பார்த்தேன். ஒருநாள், "நீயும் உட்காரு, சேர்ந்தே போவோம்" என்றேன்.

"மடியில மீன் கறிச் சட்டி இருக்கு. ஆறிடும்."

"டர்போவும் ஆறட்டும், கறியும் ஆறட்டும்."

"டர்போ ஆறினா நல்லது. கறி ஆறினா அண்ணி என்னாங்க நினைப்பாங்க?"

இன்னொரு நாள், சூடே ஏறக்கூடாது என்று, பினாங்குத் தீவையும் பட்டர்வொர்த் இருக்கும் அக்கரையையும் இணைக்கும் பாலத்தில் நாற்பதில் ஓட்டினேன். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு தொழிற்சாலை பஸ் எங்களைத் தாண்டியபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் வந்து பார்த்தார்கள். புஷ்பவள்ளி இறங்கியதும் பானட்டில் கைவைத்தாள்.

"சுடுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் முன் அறை.

தீவுப் பக்கம் டத்தோ கிராமாட்டில் எங்கள் வீடு சின்னது. மகன் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனதும் முன் அறை காலியானது. என் ஆயுளில் முதல்முறையாக எனக்கென்று ஒரு அறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு கதவு. அந்தக் கதவை நான் உள்ளே இருந்து சாத்த வேண்டும். வேறு ஆசை கிடையாது.

அக்கரையில் பிறை என்ற ஊரில் என் மச்சான், புஷ்பவள்ளியின் அண்ணன் ராமதாஸ், மின் நிலையத்தில் வேலை பார்த்தார். ஐம்பத்தைந்து வயதாகி ஓய்வு பெறப் போகிறார். அடுத்த மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நல்ல மனிதர். பழைய ரேடியோக்களை வாங்கிச் சரிசெய்வது அவர் பொழுதுபோக்கு. நாற்பது ரேடியோ வைத்திருந்தார். ஒன்றாவது வேலை செய்யாமல் இருக்கக் கூடாதா? நாற்பதும் பாடும். சோதித்துப் பார்க்கிறேன் என்று நாற்பதையும் சேர்த்தே பாடவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. எதற்கு அழைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. இந்தமுறை புஷ்பவள்ளியோடு தோளுரசி உள்ளே நுழைய வேண்டும், அவள் வாய் திறப்பதற்குள் நான் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன். "மச்சான், பட்டர்வொர்த்தில் உங்களுக்கு நல்ல வாடகை வீடு பார்த்து வைத்திருக்கிறேன்." உண்மையாகவே பார்த்தும் வைத்திருந்தேன்.

தடை அந்த மூன்று நிமிடம்தான். அதற்கும் சந்திரசேகரனிடம் மருந்து இருந்தது. டர்போ டைமர் என்று ஒரு சின்னப் பெட்டி. அதைப் பொருத்திவிட்டால், சாவியை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம். எஞ்சின் தானாக ஓடி, ஆறி, நேரம் முடிந்ததும் தானாக அணைந்துவிடும். சனிக்கிழமை காலை கொண்டு வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். புஷ்பவள்ளி பிஞ்சு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"போடுங்க. நல்லதுதான்."

எனக்குப் பயம் வந்தது. இத்தனை வருடத்தில் அவள் 'நல்லதுதான்' என்று சொன்ன எதுவும் எனக்கு நல்லதாக முடிந்ததில்லை.

"ஹேண்ட் பிரேக் மட்டும் நல்லா பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

"ஏன்?"

"டைமர் போட்டா கியரை நியூட்ரல்ல விட்டுத்தானே எறங்கணும்? எஞ்சின் ஓடுதுல்ல. ஹேண்ட் பிரேக் மட்டும்தானே புடிக்கும்? அந்தப் படகுத்துறைக் காடிக்கு அப்படித்தான் ஆச்சு."

"எந்தப் படகுத்துறைக் காடி?" காரை எங்கள் ஊரில் காடி என்போம்.

"உங்களுக்குத் தெரியாது? பட்டர்வொர்த்துல. ஒருத்தர் புதுசா டைமர் போட்டுட்டு, சரிவுல நிப்பாட்டிட்டு, பேப்பர் வாங்க எறங்கினாராம். திரும்பிப் பாத்தா காடி போய்க்கிட்டு இருக்கு. வெளக்கு எரியுது, ரேடியோ பாடுது, உள்ள ஆள் இல்ல. நேரா தண்ணியில. அவரோட ஒரு சிலிப்பர் மட்டும் மெதந்துச்சாம்."

"அவர்தான் இறங்கிவிட்டாரே. சிலிப்பர் எப்படி மிதக்கும்?"

"காடி பின்னால ஓடினாருல்ல. அப்பக் கழண்டு விழுந்திருக்கும்."

கேள்வி கேட்டவுடன் பதில் வந்தது. துறைமுகத்தில் இப்படிப் பதில் சொல்கிறவர்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

"நான் துறைமுகத்தில்தானே வேலை செய்கிறேன். ஒரு கார் கடலில் விழுந்தால் என் காதுக்கு வராதா?"

"அது அந்தக் கரைலா. உங்க ஆபீஸ் இந்தக் கரை."

"யார் சொன்னது உனக்கு?"

"வேற யாரு, உங்க சந்திரசேகரன்தான். தூக்கி வந்து அவர் பட்டறையிலதான் போட்டாங்களாம். எஞ்சினைப் பிரிச்சா உள்ள ஒரு நண்டு இருந்துச்சாம்."

நண்டுதான் என்னைக் கவிழ்த்தது. பொய் சொல்கிறவர்கள் கார் வரைக்கும் போவார்கள். நண்டு வரைக்கும் போவார்களா? அன்று என் தூக்கம் கெட்டது. என் ஹேண்ட் பிரேக்கும் கொஞ்சம் தளர்ச்சிதான். மச்சான் வீட்டு வாசல் சரிவு. சரிவின் அடியில் பெரிய சாக்கடை. சந்திரசேகரனிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு, கதை உண்மையாக இருந்தால் நான் பயந்தாங்கொள்ளி. பொய்யாக இருந்தால் மனைவியை விசாரித்த கணவன். சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போன் செய்து, டைமர் இப்போது வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் நூற்றுப்பத்தில் பறந்தேன். சீக்கிரம் போனால் ஏதாவது நடக்கும் என்ற முட்டாள்தனம். மச்சான் வீட்டு வாசலில் நின்றதும் புஷ்பவள்ளி பலகாரத் தூக்கோடு இறங்கினாள். குனிந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ரொம்ப வேகமா வந்துட்டீங்க. நாலு நிமிசம் விடுங்க."

நான்கு நிமிடம் விட்டேன். என்னை நானே கேட்டுக்கொள்கிறேன், ஏன் விட்டேன்? காரைக் காப்பாற்றவா? அல்லது உள்ளே போய் 'முடியாது' என்று சொல்லும் தைரியம் எனக்கே இல்லாததால், அந்த நான்கு நிமிடத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேனா? இதற்கு மட்டும் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

உள்ளே நுழைந்தேன். மச்சான் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மாப்பிள்ளே, இப்பதான் தங்கச்சி சொன்னிச்சி. இந்தக் காலத்துல யாரு மச்சானுக்கு இப்படிச் செய்வா?"

"என்ன சொன்னாள்?" என்றேன்.

"முன் அறையை எங்களுக்குக் குடுக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே. ரேடியோவுக்குப் பலகை அடிக்கணும்னுகூடச் சொன்னீங்களாமே."

மச்சான் மனைவி ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குத் தேநீர் தந்தாள். இரண்டு மடங்கு சீனி போட்டிருந்தாள். பட்டர்வொர்த் வாடகை வீடு என் வாய்க்குள்ளேயே இருந்தது. தேநீரோடு சேர்த்து விழுங்கினேன்.

பலகையை நான்தான் அடித்தேன்.

எட்டு வருடம் ஓடியது. நாற்பது ரேடியோ அறுபதானது. என் சாய்வு நாற்காலி சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே நிற்கிறது. உட்கார்ந்தால் எல்லாரும் என் காலைத் தாண்டிப் போகிறார்கள். போன வாரம் காரை விற்பது என்று முடிவானது. கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்க்க ஜெலுத்தோங்கில் சந்திரசேகரன் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"டர்போ புதுசு மாதிரி இருக்குண்ணே" என்றார்.

"மூன்று நிமிடம் தவறாமல் உட்கார்ந்தேனே."

"மூனு நிமிசமா? எதுக்கு?"

"நீங்கள்தானே சொன்னீர்கள்."

"நான் அரை நிமிசம்னுதான் சொன்னேன். அதுவும் ஹைவேல முறுக்கிட்டு வந்தா மட்டும். டவுனுக்குள்ள அதுவும் வேணாம். சிக்னல் சிக்னலா நின்னு வர்றதுக்குள்ள அதுவே ஆறிடும். அக்காகிட்ட போன்ல ரெண்டு தடவ சொன்னேனே. அவங்க திருப்பி வேற கேட்டாங்க, 'அரை நிமிசம் போதுமா, கூட வச்சா தப்பில்லையே'ன்னு. தப்பில்லன்னேன்."

நான் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தேன்.

"அந்தப் படகுத்துறைக் காடி? எஞ்சினுக்குள் நண்டு?"

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல கதைண்ணே அது. அக்கா சொன்னதிலேருந்து டைமர் கேட்டு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒருத்தரும் போடமாட்டேங்கிறாங்க. ஆமா, எந்தப் பட்டறையில பிரிச்சாங்களாம்?"

வீடு வரும் வழியெல்லாம் விசாரணையைத் தயார் செய்தேன். முப்பத்திரண்டு வருட அனுபவம். தேதி, நேரம், சாட்சி, போன் எடுத்த கை, காலண்டரில் எழுதிய கை. வாசலில் நின்றதும் எஞ்சினை உடனே அணைத்தேன். உள்ளே மச்சானின் ரேடியோக்கள் நான்கு பாஷையில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தன. புஷ்பவள்ளி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சந்திரசேகரன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்" என்றேன். "அரை நிமிடம் போதுமாம். அரை நிமிடம்."

அவள் ஒரு சட்டையை உதறினாள். கையோடு கையை வைத்து மடித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அரை நிமிசத்துல என்னாங்க பேசி முடிக்க முடியும்?"

நான் தயார் செய்து வைத்திருந்த தேதியும் நேரமும் சாட்சியும் வரிசையாகக் கலைந்து போயின. அவள் மடித்த சட்டையை என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். எட்டு வருடமாகக் கேட்க நினைத்த கேள்விகளில் கடைசியில் வாயில் வந்தது இது ஒன்றுதான்.

"அடுத்த காடிக்கு எத்தனை நிமிசம்?"