கரியாஹாட்டில் ப்ரெஷர் இறங்கிய கதை

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கார்ல ஆயில் விளக்கு எரியுது, அதை மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வரணும்.

கார் ரொம்பப் பழசு. நான் கொல்கத்தாவுக்கு மாத்தலாகி வந்த புதுசுல, சால்ட் லேக் ஆபீஸ்ல ஒருத்தர் ஊரை விட்டுப் போறப்போ என் தலைல கட்டிட்டுப் போனது. ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒண்ணு திடீர்னு எரியும். பதறிப்போய் ஓரங்கட்டினா அணைஞ்சிடும். மெக்கானிக் பாப்பி-தா (தா-ன்னா இங்க அண்ணன்) முன்னாடி நிறுத்தினா எரியவே எரியாது. திரும்பத் திரும்பப் போனதுல, அவர் விளக்கை விட்டுட்டு என்னையே ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சாரு.

அன்னைக்கு ஒரு முடிவோட இருந்தாரு. எஞ்சின்ல நீளமா ஒரு ட்யூபை மாட்டி, பானெட் இடுக்கு வழியா வெளிய எடுத்து, ஜன்னல் வழியா காருக்குள்ள விட்டாரு. ட்யூப் நுனில உள்ளங்கை அளவுக்கு வட்டமா ஒரு ப்ரெஷர் மீட்டர்.

"ஆயில் ப்ரெஷர் நெஜமாவே இறங்குதா, இல்ல விளக்கு பொய் சொல்லுதான்னு இதுல தெரிஞ்சிடும். வண்டி நல்லா சூடாகி ட்ராஃபிக்ல நிக்கணும். முள்ளு இந்தக் கோட்டுக்குக் கீழ வந்தா உடனே எஞ்சினை அணைச்சிடுங்க. இல்லன்னா எஞ்சின் ஜாமாயிடும்."

"ஓட்டிக்கிட்டே எப்படி முள்ளைப் பாக்கறது?"

"யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

எனக்குக் கிடைச்சவர் கீழ்வீட்டு தாஸ் காக்கூ. ரிட்டயர் ஆனவர். காக்கூன்னா இங்க சித்தப்பா மாதிரி. அவருக்குத் தமிழ் தெரியாது, என் பெங்காலி கத்திரிக்கா வாங்கற அளவுக்குத்தான். இந்தியும் இங்கிலீஷும் போட்டு ஒப்பேத்திக்குவோம். ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு. "கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போறதா இருந்தா வரேன் மா. அங்கதான் இலிஷ் மீன் நல்லா இருக்கும்."

கிளம்பினோம். ஆபீஸ் நாள்ல ஊர்ந்து போற ரோடெல்லாம் அன்னைக்குக் கழுவி விட்ட மாதிரி காலி. வர்ற சிக்னல் எல்லாம் பச்சை. முள்ளு கம்பீரமா நிக்குது. கொல்கத்தாவுல ட்ராஃபிக் ஜாம் எங்கேன்னு தேடி அலைஞ்சது நான் ஒருத்திதான்.

"மெதுவா போ மா. சிவப்பு விழட்டும்"னாரு காக்கூ.

ஏசி வேலை செய்யல. அவருக்கு வேர்த்து ஊத்துது. ட்யூப் நழுவிக்கிட்டே இருந்ததால அதைக் கைல சுத்திக்கிட்டு, மீட்டரை மடில வெச்சுக்கிட்டாரு.

கரியாஹாட் முக்குல சாமி கண்ணைத் தொறந்தாரு. துர்கா பூஜைக்குத் துணி எடுக்கற கூட்டம், பஸ், ஆட்டோ எல்லாம் சேர்ந்து அடைச்சிடுச்சு. நின்ன கொஞ்ச நேரத்துல முள்ளு ஆட ஆரம்பிச்சுது.

"மா, ப்ரெஷர் ஃபால் கொர்ச்சே"ன்னாரு. ப்ரெஷர் இறங்குதாம். அப்புறம் கொஞ்சம் சத்தமா. அப்புறம் தெருவுக்கே கேக்கற மாதிரி.

சிவப்பு விளக்கும் எரிஞ்சுது. எஞ்சினை அணைச்சேன். அதே நேரத்துல சிக்னல் பச்சை ஆச்சு.

பின்னாடி அத்தனை ஹாரனும் ஒண்ணா அடிக்க, வெள்ளை யூனிஃபார்ம்ல ட்ராஃபிக் சார்ஜென்ட் ஓடி வந்தாரு. குனிஞ்சு உள்ள பாத்தாரு. வேர்த்து வழியற பெரியவர். கைல சுத்தின ட்யூப். மடில மீட்டர்.

"என்னாச்சு?"

"ப்ரெஷர் இறங்கிடுச்சு சார்"னு சொன்ன அறிவாளி நான்தான்.

அவர் காக்கூவைப் பாத்து, "எவ்வளவு இருக்கு?"ன்னாரு.

எஞ்சின் அணைஞ்சிருக்கு. காக்கூ நேர்மையான மனுஷன். மீட்டரைப் பாத்து, "ஜீரோ"ன்னாரு.

சார்ஜென்ட் முகம் வெளுத்துடுச்சு. அவர் ஒரு விசில் அடிச்சதுல எங்கிருந்தோ ஆளுங்க வந்து கதவைத் தொறந்து காக்கூவை அலாக்கா தூக்கிட்டாங்க. ட்யூப் பிடுங்கிக்கிட்டு, அதுல இருந்த கறுப்பு ஆயில் அவரோட வெள்ளை ஜிப்பால கொட்டிச்சு. ஒரு அம்மா ஷாப்பிங் பையைக் கீழ போட்டுட்டு, "ஐயோ, ரத்தமே கறுத்துப்போச்சே"ன்னாங்க.

காக்கூ, "என் மீனு, என் மீனு"ன்னு முனகினாரு.

"நினைவு தப்பிடுச்சு"ன்னாரு ஒருத்தர்.

நான் பின்னாடியே ஓடிக்கிட்டு, தெரிஞ்ச பெங்காலியில, "அவருக்கு இல்ல, காருக்கு, காருக்கு"ன்னு கத்தினேன்.

சார்ஜென்ட் நின்னு என்னைத் திரும்பிப் பாத்தாரு. "அப்பா இந்த நெலமைல இருக்காரு. இப்பவும் காரைப் பத்தித்தான் கவலையா?"

கூட்டமே என்னைப் பாத்த பார்வை இருக்கே. இந்த ஊர்ல எந்தப் பொண்ணுக்கும் அது கிடைக்கக் கூடாது.

பக்கத்துலயே ஒரு நர்ஸிங் ஹோம். டாக்டர்கிட்ட ட்யூப், எஞ்சின், முள்ளு எல்லாத்தையும் இங்கிலீஷ்ல ஆதியோட அந்தமா சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, வந்தது வந்தாச்சுன்னு காக்கூவுக்கு நெஜ ப்ரெஷரைப் பாத்தாரு. சிரிப்பு நின்னு போச்சு. மறுபடியும் பாத்தாரு.

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

காக்கூ சீலிங் ஃபேனைப் பாத்தாரு. மாத்திரையை எப்பவோ நிறுத்திட்டாராம். வீட்ல யாருக்கும் தெரியாது. இனிமே தெரியும், ஏன்னா நான் போன் பண்ணி வரச்சொன்ன அவர் சம்சாரம் காக்கீமா வாசல்ல வந்து நின்னுட்டிருந்தாங்க.

"நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. விட்டிருந்தா பெரிய ஆபத்துல கொண்டுபோய் விட்டிருக்கும்"னு டாக்டர் என்கிட்ட சொன்னாரு. காக்கீமா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. ஆயில் கதையைச் சொல்ல வாய் வரல. நானும் சேர்ந்து கொஞ்சம் அழுதேன்.

காரை பாப்பி-தா கட்டி இழுத்துட்டுப் போனாரு. அடித்தட்டைக் கழட்டினா, ஆயிலை உறிஞ்சற இடத்துல இருக்கற வலைல கறுப்பு அல்வா மாதிரி கசடு அடைச்சிருக்கு.

"ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?"

"மாத்தறதா? கொறையறப்போ எல்லாம் மேல ஊத்திடுவேனே."

அவர் ரொம்ப நேரம் கையைத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு.

இப்ப வண்டி எவ்வளவு சூடானாலும் விளக்கு எரியறதில்ல. காக்கூவும் மறுநாளே வீட்டுக்கு வந்துட்டாரு. காக்கீமா பார்க்கறவங்ககிட்ட எல்லாம் என்னை உயிரைக் காப்பாத்தின பொண்ணுன்னு சொல்லி, கிண்ணம் கிண்ணமா ஸ்வீட் குடுத்து அனுப்பறாங்க.

டாக்டர் உப்பைக் கொறைக்கச் சொன்னாரு, காக்கூ என்கிட்ட பேச்சைக் கொறைச்சிட்டாரு.